அடி துடைத்த சுவர்

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்க்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. மண் பிசைகிறவர், அச்சில் வார்க்கிறவர், சூளை அடுக்குகிறவர் என்று தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். சாமிக்கண்ணு அதில் முக்குகிறவர். காய்ந்த ஊறுகாய் ஜாடியை எடுத்து, தொட்டி நிறையக் கஞ்சிப் பதத்தில் இருக்கும் கிளேஸில் ஒரு முக்கு முக்கி, ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பது அவருடைய வேலை. சூளையில் வெந்து வரும்போது ஜாடிக்கு வருகிற பளபளப்பெல்லாம் அந்த ஒரு முக்கில்தான் இருக்கிறது. கேட்கச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

முக்கின கையோடு இன்னொரு வேலையும் உண்டு. ஜாடியின் அடியை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். அங்கே கிளேஸ் ஒரு பொட்டு இருக்கக் கூடாது, வெறும் மண் தெரிய வேண்டும். துடைக்காமல் விட்டால் சூளைச் சூட்டில் கிளேஸ் உருகி, ஜாடி தான் நிற்கிற தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஜாடியும் போச்சு, தட்டும் போச்சு. ஆகவே அந்தத் தொழிலில் அடி துடைத்தால்தான் சரக்கு முடிந்ததாக அர்த்தம்.

அந்த ஸ்பாஞ்சு பத்தொன்பது வருஷம் அவர் மனைவி அமிர்தத்தின் கையில் இருந்தது. இவர் முக்கி நீட்டுவார், அவள் வாங்கித் துடைத்துப் பலகையில் வைப்பாள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தை நின்றுபோன நாட்களிலும் ஜாடி மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கும். பெரிய சண்டைகள் ஒன்றும் இல்லை. முக்கால்வாசி வெற்றிலைச் சண்டை. அமிர்தத்துக்கு ராத்திரி சாப்பிட்டதும் வெற்றிலை போட்டாக வேண்டும். போட்டுவிட்டு, விரலில் மிச்சமிருக்கிற சுண்ணாம்பைப் பக்கத்துச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்தாக வேண்டும். “ஒனக்கு செவுருதான் கைத்துண்டா?” என்று இவர் கத்துவார். அவள் அடுத்த நாளும் இழுப்பாள்.

2003-ல் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்துக்கும் அடங்கவில்லை, இங்கிலீஷ் மருந்துக்கும் அடங்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டாள். கம்பெனியில் அவள் முக்காலிக்கு வேறு ஆள் போடவில்லை. ஸ்பாஞ்சு சாமிக்கண்ணுவின் கைக்கே வந்தது. வலது கையால் முக்குவார், இடது கையால் துடைப்பார். மூன்று வருஷத்தில் அந்த இடது கை அவரைக் கேட்காமலே போய்வரப் பழகிவிட்டது.

ஒரே மகள் அன்புக்கரசி. அவளும் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் அதே கம்பெனிக்குப் போனவள்தான். பெண்ணாடத்தில் கரும்பு லாரி ஓட்டும் பிரபாகரனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். 2006 புரட்டாசியில் அவளுக்கு ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஐப்பசியில் வளைகாப்பு. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்து தலைப்பிரசவம் பார்ப்பது ஊர் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமிக்கண்ணு மஞ்சள் பையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பஸ் ஏறிப் பெண்ணாடம் போனார். அன்புக்கரசியின் மாமியார் ஆதிலட்சுமி காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் பேசினாள்.

“தப்பா நெனச்சிக்காதீங்க சம்மந்தி. தாய் இருக்கிற வூடுன்னா நானே பஸ்ஸு ஏத்தி அனுப்பிச்சிருப்பேன். அங்க யாரு இருக்கா? நீங்க காலையில கம்பெனிக்குப் போனா சாயந்தரம் வரீங்க. உள்ரூம்ப கல்யாணத்தப்பவே நான் பாத்தேன். செவுரு பொரிஞ்சி பொரிஞ்சி கொட்டுது. பச்சப் புள்ளய அங்க எப்பிடிப் போடுறது?”

ஆதிலட்சுமி பொல்லாதவள் இல்லை. அவள் சொன்னதில் தப்பும் இல்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் சாமிக்கண்ணு கோபப்பட்டுக்கொண்டு எழுந்து வந்திருப்பார். நியாயமாகச் சொன்னதுதான் அவரைப் பிடித்து உட்கார வைத்தது.

“அவ அம்மா செய்ய வேண்டியத நான் செய்வேங்க,” என்றார். அவர் சுபாவத்துக்கு அதுவே பெரிய பிரசங்கம். “பிரசவத்தப்ப ரெண்டு மாசம் லீவு சொல்லிட்டேன். புள்ளய குளிப்பாட்ட பக்கத்து வூட்டு அம்புஜவல்லி வரேன்னு சொல்லியிருக்குது. செவுரு அடிச்சிடலாம்.”

ஆதிலட்சுமி காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். “வர்ற வெள்ளிக்கிழமை செக்கப்புக்கு இவள விருத்தாசலந்தான் கூட்டிக்கிட்டு வரணும். அப்ப ஒரு எட்டு வந்து ரூம்ப பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது சாமிக்கண்ணுவுக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. மகள் தலைப்பிரசவத்துக்கு வரவில்லை என்றால், அமிர்தம் செத்த அன்றே அந்த வீடும் செத்துப்போனது என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வதைக் கூடத் தள்ளிவிடலாம். தானே அப்படி நினைத்துவிடுவோமோ என்றுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

பெயிண்டர் காத்தவராயனைப் போய்ப் பார்த்தார். ஆயுத பூஜைக்குக் கடை கடையாக அடித்துவிட்டு, தீபாவளிக்கு வீடு வீடாக அடித்துக்கொண்டிருந்தான் அவன். “ஐப்பசி கடைசியில வரேண்ணே,” என்றான். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள், தீபாவளிக்கு முன்னால் பெயிண்டரைப் பிடித்துப் பார் என்பதையும் சேர்த்திருக்கலாம். சாமிக்கண்ணு அலட்டிக்கொள்ளவில்லை. லட்சம் ஜாடிக்குப் பூசினவனுக்கு நாலு சுவர் பெரிதா என்று ஒரு மிதப்பு. புதன்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை லீவு சொல்லிவிட்டுத் தானே இறங்கிவிட்டார்.

உள்ரூமைக் காலி செய்தார். வடக்குச் சுவரை ஒட்டி இருந்த அமிர்தத்தின் தகரப் பெட்டியை இழுத்துக் கூடத்தில் போட்டார். நீலம் கலந்து எந்தக் காலத்திலோ அடித்த சுண்ணாம்பு, சுரண்டியை வைத்ததும் அப்பளம் அப்பளமாக விழுந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க ரூம் முழுக்கப் புகைமூட்டம் மாதிரித் தூசி. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்த்தார். தரையை ஒட்டி ரெண்டு விரற்கடைக்கு மட்டும் சுரண்டியும் எட்டவில்லை, உப்புத்தாளும் எட்டவில்லை. வாசலுக்கு வந்து தும்மியபோது அம்புஜவல்லி பார்த்துவிட்டாள்.

“என்னாண்ணே, கம்பெனிய வுட்டுட்டு மாவு மில்லுல சேந்துட்டீங்களா?”

அம்புஜவல்லியும் அதே கம்பெனிதான். அச்சிலிருந்து வருகிற ஜாடியின் பிசிறைச் சீவுகிறவள். சாமிக்கண்ணு இன்னொரு தும்மல் தும்மிவிட்டு உள்ளே போனார்.

சுரண்டின வரைக்கும் பிரைமர் அடித்துக் காயவிட்டு, வியாழக்கிழமை காலை டிஸ்டம்பர் கலந்தார். சந்தன கலர். கடைக்காரன் இத்தனைக்கு இத்தனை தண்ணீர் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தான். அதை யார் கேட்டது? சாமிக்கண்ணு கம்பெனியில் செய்வதுபோலவே விரலை முக்கி எடுத்து, நகம் மறைகிறதா என்று பார்த்தார். லேசாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் டிஸ்டம்பர் விட்டுக் கலக்கினார். நகம் மறைந்தது. நல்ல பதம்.

அடித்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. திட்டுத் திட்டாக இல்லை, வழியவில்லை, பிரஷ் போன தடம் இல்லை. காத்தவராயனே அடித்திருந்தாலும் அவ்வளவு சீராக வந்திருக்காது. ஒரு சுவர் முடிந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வாளியில் கிடந்த ஸ்பாஞ்சு இடது கையில் ஏறியது. தரையை ஒட்டி, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, ரெண்டு விரற்கடை அகலத்துக்கு ஈர டிஸ்டம்பரைத் துடைத்துக்கொண்டே போனது. நாலு சுவருக்கும் இதே கதி. சாயந்தரம் இரண்டாவது கோட்டு அடித்து, மறுபடியும் துடைத்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தொட்டிப் பழக்கம் அதற்கு இளைத்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், முடித்துவிட்டு நின்று பார்த்தபோதும் அவருக்கு அது தப்பாகத் தெரியவில்லை. கீழே நூல் பிடித்தாற்போல ஒரு ஓரம். அதற்கு மேலே சந்தன கலர். முடிந்த சரக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. அம்புஜவல்லியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், நாலு மூலையும் பார்த்தாள்.

“அம்சமா இருக்குதுண்ணே,” என்றாள். அவளும் பீங்கான்காரிதானே.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆதிலட்சுமியும் அன்புக்கரசியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மகள் வயிறு நன்றாக எடுப்பாகி, முகம் வெளுத்து, சிரித்துக்கொண்டு வந்தாள். சாமிக்கண்ணு தண்ணீர் கொடுத்தார். ஆதிலட்சுமி ஒரு வாய் குடித்துவிட்டு நேராக உள்ரூமுக்குப் போனாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற பொம்பிளை அவள். ஜன்னலுக்குப் புதிதாகக் கொசுவலை அடித்திருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். வெந்நீர் எங்கே போடுவீர்கள் என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு அவசரமென்றால் ஆட்டோ யாருடையது என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. சுவரைத் தடவி, “பரவாயில்ல, பளிச்சினு இருக்குது,” என்றாள்.

அப்போது அவள் பார்வை கீழே இறங்கியது.

“என்னாங்க இது, சுத்தி ஒரு ஓரத்த வுட்டிருக்கீங்க? பெயிண்டு பத்தலியா?”

சாமிக்கண்ணுவுக்குக் கேள்வியே புரியவில்லை. அவள் காட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அது ஜாடி இல்லை, சுவர் என்பது அவருக்கு உறைத்தது. சுவரை யாரும் சூளையில் வைக்கப் போவதில்லை. அது தரையோடு ஒட்டித்தான் இருக்கும், ஒட்டி இருப்பதுதான் சுவர். முகம் காந்தியது.

ஆதிலட்சுமி தரையில் உட்கார்ந்தாள். அந்த ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். நீலச் சுண்ணாம்பு பொடிந்து தரையில் கொட்டியது.

“புள்ள எங்க படுக்கும் சம்மந்தி? மேலயா? இங்கதான, பாயில. இந்தப் பொடி அது கண்ணுல வுழும், மூக்குல போவும். நீங்க நம்ம கண்ணுக்குத் தெரியிற எடமெல்லாம் அடிச்சிருக்கீங்க.” அவள் குரலில் குத்தல் இல்லை. அலுப்புதான் இருந்தது. “இவ அம்மா இருந்திருந்தா கீழேருந்துதான் ஆரம்பிச்சிருப்பாங்க.”

அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் பட்ட பாடும், லீவும், கொசுவலையும் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அவள் சொல்வது சரி, பெண் வரப்போவதில்லை என்று நினைத்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்புக்கரசி அதற்குள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

“அப்பா, அடி தொடச்சிட்டியாப்பா?”

“என்னாடி சிரிப்பு?” என்றாள் ஆதிலட்சுமி.

“அத்த, அது வுட்டுப்போனது இல்ல. அடிச்சிட்டுத் தொடச்சிருக்காரு. கம்பெனியில ஜாடிய முக்கினா அடிய தொடச்சிடணும். தொடைக்கலன்னா சூளையில ஒட்டிக்கிட்டு ஒடஞ்சி பூடும். இருவத்தாறு வருசமா அதே வேல. செவுத்துக்கும் தொடச்சிட்டாரு.” சிரிப்பு அடங்கியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஜாடி வாங்குறவங்க யாரும் அடிய பாக்க மாட்டாங்க அத்த. மேல பளபளப்பத்தான் பாப்பாங்க. எங்கம்மாவும் எங்கப்பாவுந்தான் அடிய பாப்பாங்க. அவுங்க கையில ஒரு ஜாடி ஒட்டி ஒடஞ்சதா நான் கேட்டதே இல்ல. எனக்கு இங்க வரணும் அத்த. அப்பா பாத்துக்குவாரு.”

ஆதிலட்சுமி தரையில் உட்கார்ந்தபடியே, நகத்தில் ஏறியிருந்த நீலத்தை முந்தானையில் துடைத்தாள். பிறகு யாரிடமும் சொல்லாததுபோலச் சொன்னாள்.

“எனக்கு தலப்பிரசவம் மாமியா வூட்டுலதான் ஆச்சி. எங்கம்மா அதுக்கு முன்னயே பூட்டாங்க. எங்கப்பன் வந்து ஒரு வார்த்த கேப்பாருன்னு பாத்தேன். வரல.”

கையை ஊன்றி எழுந்தாள். சேலையை உதறினாள்.

“அந்த ஓரத்தயும் நல்லா சுரண்டி அடிச்சிட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க சம்மந்தி. வளகாப்புக்குள்ள வாசன பூடும். முடிஞ்ச கையோட கூட்டியாந்துக்குங்க.”

சாமிக்கண்ணு தலையை மட்டும் ஆட்டினார். நன்றி சொல்லத் தெரியாத மனுஷர். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய், பெண்ணாடம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுப் பிடித்து மகளை உட்கார வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்து சாப்பிடக்கூட இல்லை. முதல் காரியமாக வாளியில் கிடந்த ஸ்பாஞ்சை எடுத்துத் தெருவில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். தன் இடது கையை அவரால் நம்ப முடியவில்லை. பிறகு சுரண்டியையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு, தரையில் ஒருக்களித்துப் படுத்தார். ரெண்டு விரற்கடை ஓரத்தை உட்கார்ந்துகொண்டு சுரண்ட முடியாது. படுத்துத்தான் ஆக வேண்டும். தெற்குச் சுவர் முடிந்தது, கிழக்குச் சுவர் முடிந்தது. படுத்தபடி நகர்ந்து நகர்ந்து வடக்குச் சுவருக்கு வந்தார்.

தகரப் பெட்டி இருந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது. அந்த நீல ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். ஒரு விரல் அகலம், மேலிருந்து கீழே இழுத்தது. நேற்று துடைத்தபோது ஈரத்தில் தெரியவில்லை. ராத்திரி காய்ந்ததும் வெளுத்துக்கொண்டு எழும்பியிருந்தன.

அமிர்தத்தின் வெற்றிலைச் சுண்ணாம்பு. ராத்திரியில் அவள் பாய் போட்டுப் படுப்பது அந்த இடத்தில்தான், இவர் படுப்பது திண்ணையில். அவள் போன பிறகு பெட்டியை அங்கே நகர்த்தி வைத்ததில் மூன்று வருஷம் மறைந்து கிடந்திருக்கிறது. கோடுகளின் மேல்பாதி புதன்கிழமையே உப்புத்தாளுக்குப் போய்விட்டது. அந்தத் தூசியில் அவர் பார்க்கவே இல்லை. இப்போது இருந்தது வால் மட்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து இழுத்து, எது எந்த நாள் இழுத்தது என்று சொல்ல முடியாத வால்கள்.

சாமிக்கண்ணு படுத்தபடியே பார்த்தார். அமிர்தம் பார்த்த உயரத்திலிருந்து அந்த ரூமை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“எத்தினி தடவ சொன்னேன், செவுத்துல தொடைக்காதன்னு,” என்றார்.

அவருக்கு அழுகை வந்தது. அழுதார். பார்க்க யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அழுதிருப்பார். அந்த ஒரு ஜாண் இடத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று நினைத்தார். பெட்டியைத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டால் ஆதிலட்சுமிக்கு எங்கே தெரியப் போகிறது? ஆனால் பாய் போடுவதற்கும் அந்த ரூமில் அதுதான் தோதான இடம். ஜன்னல் காற்று நேராக அங்கேதான் விழும். அமிர்தம் அதைத் தெரிந்துதான் அங்கே படுத்தாள். மகளும் குழந்தையும் வேறு எங்கே படுப்பார்கள்?

சுரண்டினார். சுண்ணாம்பும் நீலமும் சேர்ந்து பொடியாகக் கொட்டியது. உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்தார். பொடியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். வெளிச்சம் இருக்கும்போதே பிரைமர் அடித்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் சின்ன பிரஷ்ஷால் இரண்டு கோட்டு, தரை தொடுகிற வரைக்கும், நாலு சுவரும். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அடித்தார்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போகிற வழியில், டீக்கடை வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனில் காசைப் போட்டுப் பெண்ணாடத்துக்குப் பேசினார். எடுத்தது ஆதிலட்சுமி.

“சம்மந்தி, அடி வரைக்கும் அடிச்சாச்சிங்க.”

“தொடைக்கலியே?” என்றாள் அவள். சிரிக்கிறாள் என்பது குரலில் தெரிந்தது.

“இல்லங்க,” என்றார் சாமிக்கண்ணு. “ஒண்ணையும் மிச்சம் வெக்கல.”